அம்மாவை யார் பார்த்துக்கொள்வது? ஐந்து வழிகளும் இருபத்து நான்கு கட்டங்களும்

தம்பி ஒரு தாளின் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் 'வீட்டில்', வலப்பக்கம் 'வெளியில்' என்று எழுதியபோது இரவு பதினொன்றாகிவிட்டது. சிங்கப்பூரில், யீஷூனில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. நான், என் வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி. உள்ளே அம்மா ஒரே புடவையை மடிப்பதும் உதறுவதும் திரும்ப மடிப்பதுமாக இருந்தார்.

அந்த வாரம்தான் அம்மா நான்கு மணி நேரம் காணாமல் போயிருந்தார். செம்பவாங் ரோட்டில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தவரை ஒரு மலாய்க்காரப் பெண்மணி பேச்சுக் கொடுத்து, கைப்பையில் இருந்த என் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டார். "எங்கம்மா கிளம்புனீங்க?" என்று கேட்டேன். "நேவல் பேஸுக்குத்தான். அப்பாவுக்கு சோறு கொண்டு போக வேணாமா?" என்றார். தாத்தா வேலை பார்த்த பிரிட்டிஷ் கடற்படைத் தளம் 1971-இல் வெள்ளைக்காரர்கள் கிளம்பியதோடு முடிந்துபோன கதை. அம்மாவுக்கு இப்போது வயது 79. கையில் சோறும் இல்லை, வெறும் பை.

முதுமை மறதி நோய் என்று மருத்துவர் சொல்லி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. நமக்கு மட்டும் வந்த சோதனை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். மனநலக் கழகம் நடத்திய ஆய்வில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 2013-இல் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், பத்து வருடம் கழித்து எடுத்த ஆய்வில் 8.8 பேருக்கும் இந்த நோய் இருந்திருக்கிறது. ஒரு புளோக்கில் எத்தனை வீடு என்று எண்ணிப் பார்த்தால் நம் மாடியிலேயே இன்னொருவர் இருப்பார். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

தம்பியின் தாளில் ஐந்து வழிகள் இறங்கின. நான் வேலையை விடுவது. பணிப்பெண் வைப்பது. பகல்நேரப் பராமரிப்பு நிலையம். தாதிமை இல்லம். ஊருக்கு அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் நேராக மாதச் செலவு எழுதினோம். ஒரு மணிக்கு எழுந்தபோது எதுவும் முடிவாகவில்லை, இரண்டு பேர் அழுதிருந்தோம்.

அடுத்த வாரம் மருத்துவமனையில் தாதி ஒருவர் கேட்ட கேள்விதான் கணக்கை மாற்றியது. "எந்த நேரம் உங்களால முடியல?" செலவைக் கேட்கவில்லை, பாசத்தைக் கேட்கவில்லை. நேரத்தைக் கேட்டார். வீட்டுக்கு வந்து பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மணிக்கு ஒன்றாக இருபத்து நான்கு கட்டம் போட்டு, முடியாத நேரத்தைச் சிவப்பால் இரண்டு வாரம் குறித்தோம். மூன்று இடங்களில் சிவப்பு குவிந்தது. காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை: யாரும் இல்லாத வீட்டில் அம்மா அடுப்பைப் பற்றவைக்கும் நேரம். மாலை ஐந்து முதல் எட்டு வரை: வெளிச்சம் இறங்கும்போது பதற்றம் ஏறி "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டும் நேரம். இந்த நோய் உள்ள பலருக்கு மாலைதான் மோசம் என்பதை மருத்துவர்களும் சொல்கிறார்கள். மூன்றாவது, பின்னிரவு இரண்டு முதல் நான்கு.

இனி ஒவ்வொரு வழியையும் இந்த மூன்று சிவப்பு இடங்களின் மேல் வைத்துப் பார்க்கிறேன். உங்கள் வீட்டுச் சிவப்பு வேறு இடத்தில் இருக்கலாம். அப்படியானால் முடிவும் வேறாகத்தான் வரும்.

வேலையை விடுவது

கோயிலில், கல்யாண வீட்டில், எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். "பெத்த அம்மாவைப் பார்க்கிறதை விட வேலையா பெருசு?" சொல்பவர்கள் எப்போதும் ஒரு பெண்ணைப் பார்த்துத்தான் சொல்வார்கள். தம்பியைப் பார்த்து யாரும் கேட்டதில்லை.

எனக்கு வயது 52. கணக்குக்கு வசதியாக 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டால் போவது 4,000 என்றுதான் முதலில் எழுதினோம். என் வீட்டுக்காரர்தான் திருத்தினார். 55 வயது வரை முதலாளி மசேநிதிக்கு, அதாவது மத்திய சேமநிதிக்கு, போடுவது சம்பளத்தில் 17 விழுக்காடு, அதாவது மாதம் 680 வெள்ளி. நம் பங்கு 20 விழுக்காடு, 800. இரண்டும் சேர்ந்து ஒரு வருடத்துக்கு 17,760 வெள்ளி என் முதுமைக்காகச் சேராமல் போகும். அம்மாவின் முதுமையைப் பார்க்க என் முதுமையைச் செலவு செய்கிறேன். நாளை என்னைப் பார்க்கிற கணக்கு என் மகள் தலையில் விழும்.

கட்டத்தில் வைத்துப் பார்த்தால் வேலையை விடுவது பகல் சிவப்பைத் துடைத்துவிடும். மாலையும் ஓரளவு. இரவு? இரவு இரண்டு மணிக்கு எழுந்து காலையில் வேலைக்குப் போகிறவர், வேலையை விட்டால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பகல் முழுக்கவும் அம்மாவோடு இருப்பார். தூக்கம் கூடுவதில்லை. வெளி ஆள் முகம் பார்ப்பதும் நின்றுபோகும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி நான்கு வருடம் வீட்டில் இருந்தார். அம்மா போன பிறகு அவருக்கு வேலையும் இல்லை, போக இடமும் இல்லை.

முழுதாக விடுவதற்கும் முழு நேர வேலைக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. 2024 டிசம்பர் 1 முதல், நீக்குப்போக்கான வேலை நேரம் கேட்டு ஊழியர் முறையாக எழுதிக் கொடுத்தால் முதலாளி அதைப் பரிசீலித்து இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி இருக்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் வாயால் கேட்டு வாயாலேயே மறுப்பதற்கும் எழுத்தில் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. எனக்கு வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கிடைத்தது. முதல் தடவை நானே எழுதாமல் வாயால் கேட்டுவிட்டு, கிடைக்காது என்று மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன்.

தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் என்று 1995-இல் கொண்டுவந்தார்கள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பணம் கோரலாம். சட்டம் பணத்தை வாங்கித் தரும். இரவு இரண்டு மணிக்கு யார் எழுவது என்பதை அண்ணன் தம்பி அக்கா தங்கை உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

பணிப்பெண்

சிங்கப்பூரில் பல குடும்பங்கள் போகிற வழி. நாங்களும் போனோம், முதல் தடவை தோற்றோம்.

முகவர் "முதியவர்களைப் பார்த்த அனுபவம் உண்டு" என்றார். வந்த பெண் நல்ல பிள்ளை. ஆனால் அவர் பார்த்ததெல்லாம் குழந்தைகள். அம்மா "என் நகையை எடுத்துட்டா" என்று கத்திய முதல் நாளே பயந்துபோனார். நகையை அம்மாவே அரிசி டப்பாவில் வைத்திருந்தார். ஆறு வாரத்தில் அந்தப் பெண் கிளம்பிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். காணாமல் போகும் பொருளுக்கெல்லாம் திருட்டுப் பழி வரும், அது நோயின் பேச்சு என்று நாங்கள் முதலிலேயே சொல்லிவைத்திருக்க வேண்டும்.

இரண்டாவதாக வந்தவர் ஜாவாக்காரர். தமிழ் தெரிந்தவர்தான் வேண்டும் என்று தம்பி மனைவி ஒற்றைக் காலில் நின்றார். ஆனால் அம்மாவுக்குள் ஒரு மலாய் இருந்ததை நாங்கள் மறந்துவிட்டோம். அந்தக் காலத்துச் சந்தை மலாய். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் ஒருவருக்கொருவர் பேசிய அந்த உடைந்த மலாய். ஆங்கிலம் முதலில் போனது. போன வருடம் நடந்தது போய்விட்டது. தமிழும் சந்தை மலாயும் நின்றன. அந்தப் பெண் வந்த அன்று அம்மா, "சுடா மாக்கான்?" என்று கேட்டார். சாப்பிட்டாச்சா என்று. இப்போது அம்மா அவரை 'ஆடேக்' என்கிறார், அவர் அம்மாவை 'நெனெக்' என்கிறார். தங்கச்சியும் பாட்டியுமாக வீட்டில் எங்களுக்குப் பாதி புரியாத ஒரு பேச்சு ஓடுகிறது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கும் மலாய் தெரியும் என்றால் இந்தோனேசியப் பணிப்பெண்ணை முதலிலேயே யோசியுங்கள்.

செலவு: வெளிநாட்டுப் பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை சாதாரணமாக 300 வெள்ளி. அதே வீட்டில் 67 வயதோ அதற்கு மேலோ ஆன சிங்கப்பூரர் இருந்தால் 60 வெள்ளிதான். வருடத்துக்கு 2,880 வெள்ளி மிச்சம். முகவரியில் பெரியவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தம்பி வீட்டு முகவரியில் அம்மா பெயர் இருந்ததால் எங்களுக்கு அதை மாற்றும் வரை சலுகை இல்லை. இதற்கு மேல் சம்பளம், சாப்பாடு, காப்புறுதி, ஆரம்பத்தில் முகவர் கட்டணம். மலேசியர் அல்லாதவர் என்றால் 5,000 வெள்ளிப் பிணைக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். காப்புறுதி நிறுவனம் வழியாகச் செய்தால் கைக்காசாக அவ்வளவும் போகாது.

கட்டத்தில் வைத்தால் பகலும் மாலையும் சரி. இரவுதான் இடறியது. அம்மா அறையிலேயே அவரைப் படுக்க வைத்தோம். நல்ல ஏற்பாடு என்று நினைத்தோம். மூன்றாவது மாதம் ஒரு நாள், பட்டப்பகலில், வெங்காயம் நறுக்கிய கத்தி கையில் இருக்க, அந்தப் பெண் நின்றபடியே கண் சொக்கியதைப் பார்த்தேன். இரவுக் காவலும் பகல் வேலையும் ஒரே ஆளிடம் கேட்டிருக்கிறோம். எந்த வேலையிடத்திலும் அப்படிக் கேட்க மாட்டார்கள். அன்றிலிருந்து வாரத்தில் மூன்று இரவு நான், இரண்டு இரவு என் வீட்டுக்காரர், இரண்டு இரவு அவர். ஓய்வு நாளும் அப்படித்தான். 2023 முதல் மாதத்துக்கு ஒரு ஓய்வு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது, கட்டாயம் விட வேண்டும். நாங்கள் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் விடுகிறோம். ஞாயிறு தம்பி வருவான். வருகிறான், சொல்லியே ஆக வேண்டும்.

பகல்நேரப் பராமரிப்பு நிலையம்

இதைப் பற்றி எனக்கு முதலில் ஒரு தவறான எண்ணம் இருந்தது. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் மாதிரி பெரியவர்களை விட்டுவிட்டுப் போகும் இடம் என்று. போய்ப் பார்த்த பிறகு மாறியது.

டிமென்ஷியா சிங்கப்பூர் என்ற அமைப்பு, 1990-இல் அல்சைமர்ஸ் நோய்ச் சங்கமாக ஆரம்பித்து 2021-இல் பெயர் மாற்றிக்கொண்டது. நியூ ஹொரைசன் என்ற பெயரில் இந்த நோய் உள்ளவர்களுக்கென்றே நிலையங்கள் வைத்திருக்கிறார்கள்: தோ பாயோ, புக்கிட் பாத்தோக், தெம்பனிஸ், ஜூரோங் பாயிண்ட். எங்களுக்குத் தூரம். வீட்டுக்குப் பக்கத்தில் எல்லா முதியவர்களையும் எடுக்கும் நிலையம் ஒன்றில் இடம் கிடைத்தது. வேன் வந்து கூட்டிப் போகும், கொண்டுவந்து விடும். குடும்ப உறுப்பினர் தலைக்கு எவ்வளவு வருமானம் என்று பார்த்து மானியம் முடிவு செய்கிறார்கள். நாங்கள் சேர்த்தபோது, குடிமக்களுக்கு வீட்டில் தங்கியபடி பெறும் சேவைகளில் 80 விழுக்காடு வரை மானியம் இருந்தது. விண்ணப்பம் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு வழியாக. ஏஐசி என்று சொன்னால்தான் எல்லாருக்கும் தெரியும்.

முதல் மூன்று வாரம் அம்மா வேனில் ஏறவே மாட்டேன் என்றார். "என்னை எங்கயோ கொண்டு போய்த் தள்ளப் பாக்குறீங்க." பிறகு என் மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அம்மா எழுபதுகளில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கம்பெனி பேருந்தில் ஏறிப் போன நாட்கள் அவருக்கு நன்றாக ஞாபகம். "ஆயா, வேலைக்கு நேரமாச்சு, வண்டி வந்துடுச்சு" என்றாள். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பொய்தான். அதற்காக நான் இரவில் யோசித்துப் பார்த்ததும் உண்டு. ஆனால் நிலையத்தில் நிஜமாகவே கைத்துண்டு மடிக்கக் கொடுக்கிறார்கள், அம்மா மடிக்கிறார், சாயங்காலம் வந்து "இன்னிக்கு ஓவர்டைம்" என்கிறார்.

மொழிதான் இங்கே பெரிய விஷயம். அம்மா போகும் நாட்களில் தமிழ் பேசுகிறவர் இன்னும் ஒரே ஒருவர்தான். பாட்டு ஹொக்கியன் சீனம். மதியம் கஞ்சி. கஞ்சியை அம்மா தொடுவதில்லை, ரசம் சாதம் டப்பாவில் போகிறது. ஆனால் பக்கத்து நாற்காலிச் சீனப் பாட்டியோடு சந்தை மலாயில் சண்டை போடுகிறார், சமாதானம் ஆகிறார். வீட்டில் இருந்தால் ஒலி 96.8 வானொலி மட்டும்தான் துணை. அதைவிட இது மேல் என்பது என் கட்சி.

ஒரு நாள் தோளைத் தொட்ட ஊழியரை அம்மா அறைந்துவிட்டார். ஒரு வாரம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கோபம் வந்தது. மருத்துவரிடம் கூட்டிப் போனால் சிறுநீர்த் தொற்று. வயதானவர்களுக்குத் தொற்று, மலச்சிக்கல், வலி எது வந்தாலும் சொல்லத் தெரியாமல் குழப்பமாகவும் கோபமாகவும் வெளியே வரும். இரண்டு மூன்று நாளில் திடீரென்று மாறினால் நோய் முற்றிவிட்டது என்று நினைக்காமல் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து சாப்பிட்டு முடித்ததும் அம்மா பழையபடி கைத்துண்டு மடிக்கப் போனார்.

கட்டத்தில்: பகல் முழுக்கச் சரி. வேனில் வந்து இறங்குவது ஐந்தரை, அதனால் மாலைச் சிவப்பில் முதல் அரைமணி அங்கேயே கழிந்துவிடுகிறது. பகலில் தூங்காமல் இருப்பதால் இரவும் கொஞ்சம் குறைந்தது. இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

தாதிமை இல்லம்

இந்தச் சொல்லை மேசையில் முதலில் யார் சொல்வது என்று அன்று இரவு எல்லாரும் காத்திருந்தோம். தம்பி மனைவி சொன்னார். சொல்லிவிட்டு அவரே அழுதார். நம் ஆட்களிடம் 'ஹோமில் விட்டுட்டாங்க' என்பது ஒரு வசவு.

நான் மூன்று இடம் போய்ப் பார்த்தேன். பாசிர் ரிஸில் 1999-இல் இந்த நோயாளிகளுக்கென்றே கட்டிய ஏபெக்ஸ் ஹார்மனி லாட்ஜ் இருக்கிறது. இங்கே யீஷூனிலேயே ஸ்ரீ நாராயண மிஷனின் இல்லம் இருக்கிறது. மலையாளச் சமூகம் ஆரம்பித்தது, எல்லா இனத்தவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மானியத்துக்கு முந்தைய கட்டணம் மாதம் 2,000 வெள்ளிக்கு மேல் போகும். குடிமக்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 75 விழுக்காடு வரை மானியம் என்ற கணக்கில்தான் நாங்கள் பேசினோம். வீட்டில் யாருக்கும் வருமானம் இல்லையென்றால் வீட்டின் ஆண்டு மதிப்பைப் பார்ப்பார்கள்.

போய்ப் பார்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: காலை பத்து மணிக்குப் போகாதீர்கள். அப்போது எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் சிவப்பு நேரத்தில் போங்கள். நான் மாலை ஆறு மணிக்குப் போனேன். ஓர் இடத்தில் எல்லாரும் தொலைக்காட்சி முன் சக்கர நாற்காலியில் வரிசையாக இருந்தார்கள், யாரும் படம் பார்க்கவில்லை. இன்னோர் இடத்தில் ஒரு தாத்தா தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்தார், யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை, போகிறபோது ஒரு பணியாளர் அவர் கையைப் பிடித்துப் பத்தடி கூடவே நடந்தார். இரண்டாவது இடத்தின் பெயரைக் குறித்துக்கொண்டேன். இரவில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள், நடமாடுகிறவரைக் கட்டிவைப்பார்களா, தமிழ் பேசுகிறவர் யாராவது உண்டா, மூன்றையும் நேராகக் கேளுங்கள்.

மூன்று சிவப்பையும் ஒன்றாகத் துடைக்கிற ஒரே வழி இதுதான். இரவு முழுக்க விழித்திருக்க அங்கே முறைவேலை ஆள் உண்டு, நம் வீட்டில் இல்லை. ஆனால் அம்மாவுக்கு இன்னும் நம் முகம் தெரிகிறது. வீட்டுக் கழிவறை எங்கே என்று தெரிகிறது. இடம் மாற்றினால் அது முதலில் போகும். இப்போதைக்கு இல்லை என்று முடிவு செய்தோம். 'இப்போதைக்கு' என்ற வார்த்தையைத் தம்பிதான் வற்புறுத்திச் சேர்த்தான். சரிதான்.

ஊருக்கு அனுப்புவது

சீக்கிரம் முடித்துவிடுகிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் நல்ல இல்லங்கள் இருக்கின்றன, தமிழ்தான் பேசுவார்கள், செலவும் குறைவு என்று ஓர் உறவினர் சொன்னார். எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் இருக்கும் ஜோகூர் பாருவும் பேச்சில் வந்தது. இங்கத்திய மானியம் எதுவும் கூடவே வராது. மருத்துவமனைச் செலவுக்கு மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி இங்கே தான். வார இறுதியில் கடற்பாலத்தில் எத்தனை மணி நேரம் நிற்போம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அதெல்லாம் பிறகு. அம்மா பிறந்தது இங்கே. கோயம்புத்தூரில் அவருக்கு ஒரு தெருவும் தெரியாது. "வீட்டுக்குப் போகணும்" என்று அவர் கதவைத் தட்டுவது எந்த ஊருக்கு? தாத்தா சோற்றுக்குக் காத்திருக்கும் அந்த வரிசை வீட்டுக்கு. அங்கே அனுப்ப எந்த விமானமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி அவரைப் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குக் கூட்டிப் போகிறான். அது செம்பவாங்கில் கடற்படைத் தளத்து ஆட்கள் கும்பிட்ட முருகன், பின்னால் யீஷூனுக்கு வந்தது. அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்த மாலைகளில் கதவு தட்டுவது குறைவு. அந்த ஐந்து வழிகளில் இது இல்லை, செலவும் இல்லை.

உதவித்தொகை, காகிதம்

உதவித்தொகைகளில் பலவும் ஆறு அன்றாடச் செயல்களைச் சுற்றியே ஓடுகின்றன: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை, நடமாடுவது, படுக்கையிலிருந்து எழுந்து அமர்வது. குறைந்தது மூன்றில் உதவி வேண்டும் என்றால், வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கான இல்லப் பராமரிப்பு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். மாதம் 400 வெள்ளி வரை என்று இருந்தது, 2026 ஏப்ரல் முதல் 600 வரை. முன்னோடித் தலைமுறை என்று அரசு குறிக்கும் மூத்த குடிமக்களுக்கு மாதம் 100 வெள்ளி தனியாக உண்டு. 2002-இல் எல்டர்ஷீல்டு என்ற பராமரிப்புக் காப்புறுதியில் சேர்ந்தவர்களுக்கு மாதம் 300, ஐந்து வருடத்துக்கு.

அம்மா நடப்பார். நன்றாகவே நடப்பார், அதுதானே எங்கள் பிரச்சினை. சாப்பிடுவார், உடுத்துவார். முதல் மதிப்பீட்டில் மூன்று தேறவில்லை. வந்தவர் முன்னால் அம்மா அழகாகப் பேசி, டீ வேண்டுமா என்று கேட்டு, நான் பொய் சொல்கிறேன் என்று தோன்றும்படி செய்துவிட்டார். இது எல்லா வீட்டிலும் நடக்கும். இரண்டாவது தடவை எங்கள் கட்டத் தாளையே கொண்டு போனேன். குளித்தாச்சு என்று சொல்லிக் குளிக்காத நாட்கள், கூடவே நின்று சோப்பை எடுத்துக் கொடுத்த நாட்கள், இரவு உடையை மாற்றிய தடவைகள். தேதியோடு.

எல்பிஏ பத்திரம் தனி. மனம் தெளிவாக இருக்கும்போதே, பின்னால் தன் சார்பில் யார் முடிவெடுக்கலாம் என்று எழுதிவைப்பது. மனத்திறன் சட்டத்தின் கீழ் வருகிறது. அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ வழக்கறிஞரோ மனநல மருத்துவரோ அவரிடம் தனியாகப் பேசிப் புரிந்துதான் செய்கிறார் என்று சான்று தர வேண்டும். நோய் என்று தெரிந்த மாதமே செய்தோம். அன்று மருத்துவர் கேட்டதற்கு அம்மா, "மகளும் மகனும். ஒருத்தர் மட்டும்னா சண்டை வரும்" என்று பதில் சொன்னார். இன்று கேட்டால் அந்தப் பதில் வராது. பத்திரம் இல்லாமல் காலம் கடந்தால் நீதிமன்றத்துக்குப் போய்ப் பொறுப்பாளராக நியமிக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். காசு, காலம் இரண்டும் போகும். நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, தேர்ந்தெடுக்கும் முன்பே இதை முடியுங்கள்.

நாங்கள் எடுத்தது

வாரம் நான்கு நாள் நிலையம். பணிப்பெண் வீட்டில். நான் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. இரவுகள் பங்கு போட்டு. ஞாயிறு தம்பி. இரண்டுக்கும் செலவு செய்கிறீர்களே என்று கேட்பார்கள். பணிப்பெண் மட்டும் என்றால் அவர் ஒடிந்துபோவார், நிலையம் மட்டும் என்றால் இரவு ஒடிந்துபோகும். பகலில் அம்மா நிலையத்தில் இருக்கும் நேரத்தில் பணிப்பெண் தூங்குகிறார். நான் சொல்லித்தான் தூங்குகிறார். இந்த ஏற்பாட்டின் ரகசியமே அந்தத் தூக்கம்தான் என்று நினைக்கிறேன்.

இது எவ்வளவு நாள் தாங்கும் என்று கோபத்திலோ அழுகையிலோ முடிவு செய்யக் கூடாது என்பதற்காகத் தெளிவாக இருந்த ஒரு நாளில் மூன்று வரி எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டியிருக்கிறோம். ஒன்று, எல்லாரும் மாறி மாறிப் பார்த்தும் ஒரு மாதம் முழுக்க யாருக்கும் இரவுத் தூக்கம் இல்லை என்றால். இரண்டு, அம்மாவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும் என்றால். மூன்று, எங்கள் எல்லாரையும் பார்த்து அம்மா பயந்தால். இவற்றில் இரண்டு நடந்தால் தாழ்வாரத்தில் தாத்தா நடந்த அந்த இல்லத்துக்கு விண்ணப்பிப்பது, யாரும் யாரையும் குறை சொல்லாமல்.

போன ஞாயிறு தம்பி கிளம்பிப் போன பிறகு தண்ணீர் எடுக்கப் போனேன். முதல் வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு இருந்தது.